பம்பில் ஆமென் கிடையாது

இரும்புச் சக்கரத்தின் கைப்பிடி சூடாக இருந்தது. எனக்கு முன்னால் அதைப் பிடித்திருந்தவரின் வியர்வை அதில் இன்னும் காயவில்லை. சக்கரம் கீழே போகும்போது அந்தோணி மாமா மாதாவின் பட்டங்களில் ஒன்றைச் சொல்வார். மேலே வரும்போது நாங்கள் எல்லோரும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்போம். மறுபடி கீழே. மறுபடி மேலே.

எங்கள் காலடியில், கல் தளத்தின் விளிம்பிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அதன் மறுமுனையில் என் அப்பா இருந்தார். நாங்கள் சுற்றினால் அவருக்கு மூச்சு. நிறுத்தினால் இல்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, பிரஷர் கேஜ்களோடு (அழுத்தமானிகளோடு) பழகிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "முள் காட்டுவதை மட்டும் நம்பப் பழகியவருக்குக் கடவுள் நம்பிக்கை எங்கிருந்து வந்தது?" இதற்கு வாதம் செய்து பதில் சொல்ல எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அதிலும் ஒரு முள் இருந்தது.

செம்புத் தலை

என் அப்பா சூசை, முக்குளிப்பவர். முத்துக் குளிப்பவர் இல்லை. மூழ்கிப்போன சாமான்களைத் தேடுவது, கப்பலின் அடியில் சிக்கிய சங்கிலியை எடுப்பது, துறைமுகத் தளத்துச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. ராயபுரத்தில் இருந்த ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை.

இறங்குவதற்கு முன் அவர் அணிவதை நான் சிறுவயதிலேயே வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். முதலில் கம்பளி உடுப்பு. அதன்மேல் ரப்பர் பூசிய கான்வாஸ் உடை. தோளில் செம்பு வளையம். காலில் ஈய அடி வைத்த பூட்ஸ். மார்பிலும் முதுகிலும் ஈயக் கட்டிகள். கடைசியில் செம்புத் தலைக்கவசம், அதன் முகத்தில் வட்டக் கண்ணாடி. கண்ணாடியைத் திருகி மூடியதும் அப்பா அப்பாவாக இருக்க மாட்டார். பித்தளைப் பாத்திரத்துக்குள் யாரோ கண் சிமிட்டுவது போல இருக்கும்.

துறைமுகத்துத் தண்ணீருக்கு அடியில் எதுவும் தெரியாது. எண்ணெயும் சேறும் கலந்த இருட்டு. "கண்ணத் தெறந்தாலும் ஒண்ணுதான், மூடுனாலும் ஒண்ணுதான்" என்பார். எல்லா வேலையும் கைத்தடவலில்தான்.

அவருக்குக் காற்று போவது, பெரிய மரப்பெட்டிக்குள் அடங்கிய ஒரு பம்பிலிருந்து. பெட்டியின் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் சக்கரம். பக்கத்துக்கு இரண்டு பேராக நான்கு பேர் சுற்றவேண்டும். உள்ளே இரண்டு சிலிண்டர்கள். முகப்பில் ஒரு கேஜ். அதன் முள் எந்த ஆழத்தில் எவ்வளவு அழுத்தம் போகிறது என்று காட்டும்.

கண்ணாடியை மூடுவதற்கு முன் அப்பா ஒரே ஒரு வாக்கியம் ஜெபிப்பார். "ஆண்டவரே, இந்த எறக்கத்துக்கு வேண்டிய பலத்த மட்டும் குடு."

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பாலிடெக்னிக்கில் படிக்கும்போது ஒருமுறை கேட்டேன்: "கேக்கறதுதான் கேக்கற நைனா, பத்திரமா மேல கொண்ணாந்து சேருன்னு கொஞ்சம் பெருசா கேட்டா இன்னா?"

"பெருசா கேட்டா வெயிட்டு தாங்காது பாப்பா. ஏற்கெனவே காலுல ஈயம் கீது."

சிரித்துவிட்டேன். ஆனால் அந்த ஜெபத்தின் அளவு எனக்குப் பிடிபடவில்லை. பலம் மட்டும் வந்து என்ன செய்ய? ஆபத்து வராமல் இருப்பதல்லவா முக்கியம்?

அந்தோணி மாமாவின் தாளம்

பம்பைச் சுற்றுவதில் வேகத்தைவிடச் சீர்தான் முக்கியம். ஒருவன் வேகமாகவும் இன்னொருவன் மெதுவாகவும் சுற்றினால் கீழே இருப்பவருக்கு மூச்சு தடுமாறும். சில கான்ட்ராக்டர்கள் தாளத்துக்கு விசில் ஊதுவார்கள். சிலர் ஏலேலோ பாடுவார்கள்.

எங்கள் ஆட்கள் மாதா பிரார்த்தனை சொன்னார்கள். பம்பில் இருந்த நால்வரும் ராயபுரம் மாதா கோயிலைச் சுற்றி வசித்தவர்கள். தலைவர் அந்தோணி மாமா. அம்மாவுக்குத் தூரத்து அண்ணன். ஒரு சுற்றுக்கு ஒரு பட்டம், ஒரு பதில். கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். கையேட்டில் போட்டிருக்கும் வேகம் அதுதான். யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பிரார்த்தனையில் ஒரே ஒரு திருத்தம் உண்டு. பம்பில் ஆமென் சொல்லக் கூடாது.

பட்டங்கள் முடிந்ததும் நிறுத்தாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிட வேண்டும். முக்குளிப்பவர் மேலே வந்து, முகக் கண்ணாடி திறந்து, வெளிக்காற்றை இழுத்த பிறகுதான் ஆமென். ஏனென்றால், பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவனின் கை அந்தச் சொல்லைக் கேட்டால் தானாகவே நெற்றிக்குப் போகும், மார்புக்கு வரும், சிலுவை வரையும். அந்த நேரத்தில் கைப்பிடியில் கை இருக்காது.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் அந்தோணி மாமா சொல்லும் முதல் வார்த்தை இதுதான். "மத்ததெல்லாம் போகப் போகக் கத்துக்கலாம். பம்புல ஆமென் கெடையாது."

அரைமணி வேலை

நான் படிப்பை முடித்து, கேஜ்களைச் சோதித்துச் சரிசெய்யும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து இரண்டாம் வருடம். ஒரு புயலில், மீன்படகுகள் நிற்கும் ஒதுக்கத்தில் ஓர் இரும்பு பார்ஜ், சரக்கேற்றும் தட்டைப்படகு, மூழ்கிவிட்டது. அதைத் தூக்குவதற்கு முன் அடியில் சங்கிலி கோக்கவேண்டும். மறுநாள் காலையில் தூக்கும் கிரேன் வருவதாக ஏற்பாடு.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையில் வேலை. "அரைமணி வேலை, மாத்து ஆளு எதுக்கு?" என்று கான்ட்ராக்டரின் மேஸ்திரி சொல்லிவிட்டான். பம்புக்கு நான்கு பேர், கயிறு பிடிக்க கபாலி அண்ணன், ஒரு வாட்ச்மேன். அவ்வளவுதான்.

கபாலி அண்ணன் காசிமேட்டுக்காரர். முக்குளிப்பவரின் இடுப்பில் கட்டிய கயிறு எப்போதும் அவர் கையில் இருக்கும். அப்பா கீழிருந்து இழுப்பதை வைத்தே அவர் மனநிலையைக்கூடச் சொல்லிவிடுவார். "உங்கப்பன் இன்னிக்குக் காண்டா கீறாரு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். மேலே வந்ததும் அப்பா கோபமாகத்தான் இருந்தார்.

அந்த வாரம் பம்பின் கேஜ் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குச் சோதனைக்கு வந்திருந்தது. சரிசெய்து, ஞாயிறு பூசை முடிந்து நானே எடுத்துப்போய் மாட்டினேன். வேலையின்போது முள் ஒழுங்காக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று அங்கேயே உட்கார்ந்தேன். அம்மா எங்கள் எல்லோருக்கும் சோறு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அப்பா இறங்கினார். ஐந்தாறு பாக ஆழம், ஏறக்குறைய முப்பது அடி. முள் ஏறி, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் கனமாக ஏதோ உருண்ட சத்தம். தளத்துக் கற்களில் அதிர்வு தெரிந்தது. மேலே சேறு கலங்கி வந்தது.

கபாலி அண்ணன் கயிற்றை ஒருமுறை இழுத்துவிட்டுக் காத்திருந்தார். முகம் மாறவில்லை. கை மட்டும் இறுகியது. பிறகு கீழிருந்து கயிற்று இழுப்புகளில் பதில் வந்தது. அவர் அதை எங்களுக்குச் சொன்னார்.

"உசுரோட கீறாரு. மாட்டிகினாரு."

பார்ஜின் தகடு ஒன்று கழன்று விழுந்து, அப்பாவின் ஒரு பூட்ஸை அடியில் பிடித்துக்கொண்டது. குழாய்க்கும் கயிற்றுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அவரால் நகர முடியாது. இன்னொருவர் கடப்பாரையோடு இறங்கித் தகட்டை நெம்பவேண்டும். கான்ட்ராக்டரிடம் இருந்த இன்னொரு முக்குளிப்பவர் முனுசாமி, தன் பம்போடும் ஆட்களோடும் எண்ணூர் கழிமுகத்தில் வேறு வேலையில் இருந்தார்.

மேஸ்திரி லாரியை எடுத்துக்கொண்டு எண்ணூருக்குப் பறந்தான். அந்தச் சாலையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அங்கே யாரும் பறக்க முடியாது. வாட்ச்மேன் ஆள் தேட ஓடினார்.

கூட்டல் வரவில்லை

முதலில் முள்ளில்தான் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் நடுங்கி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. பெட்டியின் ஒரு பக்கத்தில் காதை வைத்தேன். உஸ்ஸென்று காற்று கசிந்தது. ஒரு சிலிண்டரில் தோல் வாஷர் கிழிந்துவிட்டது.

மாற்ற வேண்டுமென்றால் பம்பை நிறுத்தவேண்டும்.

"மாமா, ஒரு பக்கம் காத்து போவல. ரெண்டு மடங்கு வேகமா சுத்தணும்."

அந்தோணி மாமா என்னைப் பார்த்தார். "எம்மாம் நேரத்துக்கு?"

"முனுசாமி அண்ணன் வர்ற வரைக்கும்."

அவர் பட்டங்களைச் சொல்லும் வேகம் கூடியது. சுற்றுக்கு ஒரு பட்டம்தான், ஆனால் முன்பு ஒன்று சொன்ன நேரத்தில் இப்போது இரண்டு.

எனக்கு எதையும் வரிசையாக எழுதிப் பார்க்கும் பழக்கம். அன்று எழுதவில்லை, மனத்துக்குள் போட்டேன். அந்தோணி மாமா: தோள் பழுதில்லை, வயது அதிகம். அருளப்பன்: பலசாலி, காலையிலிருந்து சாப்பிடவில்லை. மற்ற இருவர்: அண்ணன் தம்பி, இளையவனுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது. கபாலி அண்ணன்: கயிற்றை விட முடியாது. அம்மா. நான்.

வலது பக்கத்தில் வேலையையும் நேரத்தையும் போட்டேன். இடது பக்கத்தில் எங்கள் பலத்தைப் போட்டேன். கூட்டல் வரவில்லை. எப்படிப் போட்டாலும், லாரி திரும்பும் முன்பே கைகள் ஓய்ந்துவிடும் என்றுதான் வந்தது.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காய்ச்சல்கார இளைஞனைத் தோளைத் தொட்டு நகர்த்தினாள். சுற்றும் சக்கரத்தில் அவன் கை எடுக்கும் இடத்தில் தன் கையை வைத்தாள். பிறகு நான். நாங்கள் மாறி மாறிப் பிடித்தோம். நடுவே ஓடிவந்து முள்ளைப் பார்ப்பேன்.

நானும் ஜெபித்தேன். "ஆண்டவரே, நைனாவைக் காப்பாற்றும்" என்றுதான் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் அவ்வளவு நீளமான வாக்கியத்துக்கு மூச்சு இல்லை. "பலம் குடு" என்பதற்கு மட்டும்தான் இருந்தது. அப்பாவின் அந்த ஜெபத்தின் அளவு எங்கிருந்து வந்ததென்று அப்போதுதான் தெரிந்தது.

பட்டம்மா

மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கும் பட்டம்மாவை ராயபுரத்தில் தெரியாதவர் கிடையாது. அன்று தாமதமாக வந்த படகு எதிலாவது மீன் கிடைக்குமா என்று பார்க்க வந்திருந்தாள். காலிக்கூடை இடுப்பில்.

"இன்னாடா அந்தோணி, ஞாயித்துக்கெழம அதுவுமா பொம்பளைங்கள ராட்டினம் சுத்த வுட்டுகினு கீற?"

கபாலி அண்ணன்தான் பதில் சொன்னார். "அக்கா, சூசை கீழ மாட்டிகினாரு. காத்து நின்னா ஆளு காலி."

பட்டம்மா கூடையைக் கீழே வைத்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அருளப்பனை இடுப்பால் ஒரு இடி இடித்தாள். "நவுரு. மூஞ்சப் பாரு, செத்த வாள மீனு மாரி கீது."

அவள் கைப்பிடியைப் பிடித்ததும் எதிர்ப்பக்கத்தில் இருந்த எனக்குச் சக்கரம் இலேசானது. நாள் முழுவதும் கூடை தூக்கும் தோள்.

"நான் இன்னா சொல்லணும்?" என்று கேட்டாள்.

"மாதா பேரு நான் சொல்லுவேன். 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு சொல்லணும்" என்றார் அந்தோணி மாமா, இரைத்தபடி.

"அம்மாம் பெருசெல்லாம் வாயில வராது. நான் அங்காளம்மான்னு சொல்லிக்கிறேன். கோச்சுக்குவாங்களா?"

அம்மாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "கோச்சுக்க மாட்டாங்க பட்டம்மா."

"ஒர்த்தியக் கூப்ட்டா இன்னொர்த்தி வராமயா பூடுவா?"

அப்படித்தான் நடந்தது. அந்தோணி மாமா பட்டம் சொல்ல, நாங்கள் வேண்டிக்கொள்ளும் என்று இழுக்க, அதே மூச்சில் பட்டம்மா "அங்காளம்மா" என்று அழுத்தினாள். தாளம் கெடவில்லை. முள் கொஞ்சம் ஏறியது.

என் கூட்டலில் பட்டம்மா இல்லை. அவளை நான் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஒரு சொல்

லாரி வந்தபோது சூரியன் ஊர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. திருவொற்றியூர் ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக நிற்கவேண்டியிருந்ததாம். முனுசாமி அண்ணன் லாரியிலேயே உடை மாட்டிக்கொண்டு வந்தார். அவருடைய ஆட்கள் அவருடைய பம்பில் நின்றார்கள். அவர் கடப்பாரையோடு இறங்கினார்.

அதற்குள் அந்தோணி மாமாவின் தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வந்தது, சொல் வரவில்லை. அதனால் அம்மா பட்டங்களைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். எங்கள் பம்பில் அப்போது அம்மா, அந்தோணி மாமா, அருளப்பன், பட்டம்மா. நான் கேஜுக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். அண்ணனும் தம்பியும் தரையில் விழுந்து கிடந்தார்கள்.

கபாலி அண்ணன் கயிற்றோடு குனிந்திருந்தார். நெடுநேரம். பிறகு நிமிர்ந்தார். அந்த மனிதர் கத்தி நான் கேட்டதே இல்லை.

"வுட்டுச்சி! காலு வுட்டுச்சி!"

அம்மா கண்ணை மூடினாள். உலகத்தில் எந்த மாதா கோயிலிலும், எந்தப் பெண்ணும் அந்த நிமிஷத்தில் சொல்லக்கூடியதைத்தான் சொன்னாள்.

"ஆமென்."

அம்மா பம்பு ஆள் இல்லை. அவளுக்கு அந்தச் சட்டம் தெரிந்திருந்தாலும் உதட்டுக்குத் தெரியாது. அவள் கையும் அருளப்பனின் கையும் நெற்றிக்குப் போயின. மற்றவர்களுக்கெல்லாம் அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்த அந்தோணி மாமாவின் கையும் போனது. தரையில் கிடந்த இருவரும் படுத்தபடியே சிலுவை வரைந்தார்கள். என் கையும் என் நெற்றியில் இருந்தது.

முள் சரிந்தது.

என்ன நடக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். தலைக்கவசத்துக்குள் இருக்கும் காற்று சில நிமிஷம் தாங்கும் என்று பாடத்தில் உண்டு. ஆனால் அன்று மதியத்திலிருந்து பாதிக் காற்றில் இருந்தவருக்கு அந்தச் சில நிமிஷம் கிடையாது. கிழிந்த வாஷரோடு நின்றுவிட்ட சக்கரத்தை, அந்த ஆழத்து அழுத்தத்துக்கு எதிராக, ஓய்ந்த கைகளால் மறுபடி கிளப்புவது எவ்வளவு கடினம் என்றும் தெரியும்.

சக்கரம் நிற்கவில்லை.

"அங்காளம்மா" என்ற குரல் மட்டும் கேட்டது. மறுபடி, "அங்காளம்மா". பட்டம்மா ஒருத்தி, நான்கு பேர் சுற்றும் சக்கரத்தைத் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கால் விரல்கள் கல் தளத்தைக் கவ்வியிருந்தன. உள்ளங்கை கிழிந்து கைப்பிடியில் இரத்தம் வழிந்தது. சக்கரம் உச்சிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அங்கேயே நின்றுவிடும் போல இருந்தது. நிற்கவில்லை.

"இன்னா எல்லாரும் கைய வுட்டுட்டு நிக்கிறீங்க? சுத்துங்கடா!"

எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. சரிந்த முள் நடுங்கி, நின்று, ஏற ஆரம்பித்தது.

நான் அதற்குப் பிறகு எத்தனையோ கேஜ்களைப் பார்த்துவிட்டேன். எத்தனையோ முட்கள் ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அன்று அந்த முள் திரும்பி ஏறியதைப் பார்த்தபோது வந்த நடுக்கம் இதை எழுதும்போதும் வருகிறது. பயம் இல்லை அது. கோயிலில் மணி அடித்து எல்லோரும் தலைகுனியும்போது முதுகில் ஏறுமே, அது.

எங்கள் பம்பைச் சுற்றி இருந்த கைகள் எல்லாம் ஒரே பழக்கத்தில் வளர்ந்த கைகள். ஒரு சொல்லுக்கு எல்லாம் ஒன்றாக எழும்பின. கைப்பிடியில் அந்தச் சொல்லால் அசையாத கைகள் இரண்டே இரண்டு. அவை, மீன் கிடைக்குமா என்று பார்க்க வந்த கைகள். நாங்கள் பலம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அதைக் கொடுப்பவர் யார் கையில் அதை வைத்திருந்தார் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

"மாட்டுக் கையா?"

அவ்வளவு நேரம் கீழே இருந்தவரை ஒரேயடியாக மேலே இழுக்கக் கூடாது. மெல்ல ஏற்றி, பாதி வழியில் நிறுத்தி, பிறகுதான் கரைக்கு. அந்த நேரத்துக்கும் சக்கரம் சுற்றவேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் ஆள் கிடைக்காமல் அலைந்த வாட்ச்மேன் எங்கிருந்தோ கூட்டிவந்த ஆட்கள் அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். மளமளவென்று கைப்பிடிகளை வாங்கிக்கொண்டார்கள். அம்மா சக்கரத்தை விட்டாளே தவிர இடத்தை விட்டு நகரவில்லை.

செம்புத் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. ஏணியில் ஏற்றி முக்காலியில் உட்காரவைத்தார்கள். கபாலி அண்ணன் கண்ணாடியைத் திருகினார். உள்ளே அப்பாவின் முகம் வெளுத்து, உதடு நீலம் பூத்திருந்தது. காற்றை இழுத்தார். இன்னொருமுறை இழுத்தார். கண் சிமிட்டினார்.

முதல் வார்த்தை அந்தோணி மாமாவுக்கு. "இன்னாடா, இன்னிக்கு அவ்ளோ அவசரமா ஜெபம் சொன்ன? பிரியாணி ஆறிப்பூடும்னா?"

அந்தோணி மாமா பம்புப் பெட்டியின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார்.

பம்பின் ஒவ்வொரு அடியும் தலைக்கவசத்துக்குள் கேட்கும் என்று அப்பா பிறகு சொன்னார். இருட்டில் கால் மாட்டி நின்றபடி அவர் அந்த அடிகளைக் கேட்டிருக்கிறார். எந்தப் பட்டத்தில் இருக்கிறோம் என்று ஊகித்து, அடியில் இருந்தபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வேகம் கூடியபோது அவரும் வேகமாகச் சொன்னாராம். பயம் இருந்ததா என்று கேட்டேன்.

"இருந்திச்சி. பயத்தோடயே பதில் சொல்லிகினு இருந்தேன்."

கடைசியில் ஒரு தடவை அடி மாறிவிட்டது என்றார். நான்கு பேர் அடி இல்லை. ஒற்றை அடி. மெலிந்து, இழுத்து இழுத்து. "ஆனா நிக்கல. அது மனுசக் கைன்னு எனுக்குத் தோணல."

பட்டம்மா கிழிந்த உள்ளங்கையைத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்துக்கொண்டிருந்தாள். "மனுசக் கையில்லாம? மாட்டுக் கையா?"

சிரிப்பு அடங்கியதும் நான் அவளிடம் கேட்டேன். எப்படித் தனியாகச் சுற்ற முடிந்தது?

"தனியாவா சுத்துனேன்? எல்லாரும் புடிச்சிகினு கீறாங்கன்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா, அல்லாரும் சாமி கும்புடறீங்கோ."

வாஷரை மாற்றிய பிறகு, அதே அழுத்தத்தில் வைத்து, அருளப்பன் அந்தச் சக்கரத்தைத் தனியாகச் சுற்றிப் பார்த்தான். சில சுற்றுகள் போனது, உச்சியில் நின்றுவிட்டது. அவசரத்தில் உடம்பு என்னென்னவோ செய்யும் என்று என் ஒர்க்‌ஷாப் மேலாளர் விளக்கினார். நானும் ஒப்புக்கொள்கிறேன். அது எப்படி நடந்தது என்பதை அவர் சொன்னார். ஆனால் அன்று, அந்த நேரத்துக்கு, அந்தப் பெண் காலிக்கூடையோடு அங்கே வந்து நின்றாளே, அதற்கு அவரிடம் விளக்கம் இல்லை. என்னிடமும் இல்லை.

ராயபுரத்துத் தெருவில்

பட்டம்மாவின் இரண்டு உள்ளங்கையிலும் கட்டு. மீன் கூடையைத் தூக்க முடியாது. தூக்காவிட்டால் வியாபாரம் இல்லை.

மறுநாளே அம்மா அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். கை ஆறும்வரை கூடையைத் தான் சுமப்பதாகச் சொன்னாளாம். பட்டம்மா முதலில் திட்டினாள். பிறகு, "சரி, கூவுறதும் நீதான்" என்று நிபந்தனை போட்டாள்.

அம்மா தெருவில் குரல் உயர்த்திப் பேசியவள் இல்லை. அவள் "மீனே" என்று கூவியது, பக்கத்து வீட்டுக்காரியிடம் சீப்பு இரவல் கேட்பது போல இருந்தது.

"இன்னாம்மா இது? இப்பிடிக் கூவுனா மீனு தூங்கிடும்" என்றாள் பட்டம்மா.

"அது ஏற்கெனவே தூங்கிகினுதான் கீது" என்றாள் அம்மா.

அப்பா இரண்டு மூன்று நாள் கட்டிலை விட்டு எழவில்லை. நசுங்கிய கால் வீங்கியிருந்தது. நான் விடுப்பு எடுத்துப் பக்கத்தில் இருந்தேன். ஒரு காலையில் அவர்கள் எங்கள் தெருவுக்குள் வந்தார்கள். எங்கள் எதிர்வீட்டு வாசலில் கூடையை இறக்கி வியாபாரம் நடந்தது. பட்டம்மா கட்டுப் போட்ட கையை ஆட்டி ஆட்டி விலை பேசினாள். அம்மா மீனை எடுத்துக் கொடுத்தாள்.

முடிந்தது. இனி கூடையை மறுபடி தலைக்கு ஏற்றவேண்டும். தெருவில் மீன் விற்கிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாரமான கூடையைத் தனியாக ஏற்ற முடியாது. போகிற வருகிறவர் யாராவது எதிரே நின்று ஒரு கை பிடிக்கவேண்டும். பட்டம்மாவால் பிடிக்க முடியாது. அம்மா சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

"யாராவது ஒரு கை புடிங்களேன்."

நான் எழுந்தேன். அதற்குள் என் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய காலை இழுத்து இழுத்து, வாசற்படி இறங்கித் தெருவுக்குப் போனார். அம்மா அவரைப் பார்த்தாள். பட்டம்மா அவருக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

அப்பா குனிந்து, கூடையின் அடியில் இரண்டு கையையும் கொடுத்தார். கண்ணாடியை மூடும் முன் அசைவது போல அவர் உதடு அசைந்தது. எதிர்ப்பக்கத்தில் அம்மாவின் உதடும் அசைந்தது.

கூடை மேலே போனது.